சூடாகாத இன்ஜின் நல்ல இன்ஜினா?

டிசம்பர் மாதம். எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடந்துகொண்டிருந்தது. உதகைக்கு அருகில் இருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்த மாதத்து முதல் பாடவேளை எப்படி இருக்கும் என்பது மலைப்பகுதியில் பணிபுரியும் ஆசிரியர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவதை விளக்கி முடித்துவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். காய்கறி ஏற்றும் வண்டி ஓட்டுபவரின் மகள் எழுந்தாள்.

"சார், எங்க அப்பா வண்டி மேட்டுப்பாளையத்துல இருந்து மேல ஏறுனா சூடாயிடும். நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் வருவாங்க. உங்க கார் சூடே ஆகாதுன்னு அப்பாகிட்ட சொன்னீங்களாம். அப்போ உங்க இன்ஜின்தான் ரொம்ப நல்ல இன்ஜினா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா, சூடாகாத இன்ஜின் நல்ல இன்ஜின்தான்" என்றேன். மணி அடித்தது. அவள் அதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் சொன்ன பதில் தவறு. இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, பதினெட்டு ஆண்டுகளாக வெப்பத்தைப் பாடமாக நடத்தும் ஒருவன் சொல்லக்கூடாத தவறு. அது எனக்குத் தெரியவந்த விதத்தையும், என் காரில் ஒரு தெர்மோஸ்டாட் வால்வை மாற்றிய கதையையும், அந்தப் பழைய வால்வு எங்கள் வகுப்பறைக்குக் கற்பித்தல் கருவியாக வந்து சேர்ந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெருமையாகத் தெரிந்த குறை

மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பதினொரு கிலோமீட்டர். அரை மணி நேரப் பயணத்திலும் வெப்பநிலை முள் கால் பங்கைத் தாண்டாது. சிவப்புக் கோட்டுக்குப் போனால்தானே கவலைப்பட வேண்டும் என்று இருந்துவிட்டேன். பார்க்கிறவர்களிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வேறு சில தொல்லைகள் இருந்தன. காலையில் வண்டியை எடுத்தால் வெண்புகை நெடுநேரம் நிற்காது. குளிருக்கு ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்பான காற்றுகூட வராது. "இதுக்கு ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்" என்பார் என் மனைவி. வாங்கியபோது லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடிய வண்டி, பதினான்கைத் தொடவே திணறியது. புகைக்குக் குளிர், மைலேஜுக்கு மலைப்பாதை, ஹீட்டருக்கு வண்டியின் வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்குமோ என்று யோசிக்கவில்லை.

ஒருமுறை சமவெளியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "இன்ஜின் கூலாத்தான் இருக்கு சார். நல்லதுதானே? வேணும்னா தெர்மோஸ்டாட்டையே கழற்றி விட்டுடலாம். அப்புறம் சூடாகுங்கிற பேச்சே இருக்காது" என்றார். அவர் சொன்னதும் என் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

ஏற்றத்திலும் இறக்கத்திலும்

அரையாண்டு விடுமுறையில் ஊருக்குக் கிளம்பினோம். குன்னூரைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் முள் கீழே சரிய ஆரம்பித்தது. பர்லியார் வந்தபோது வண்டியை அப்போதுதான் எடுத்ததுபோல அடியில் படுத்திருந்தது. கல்லாறு தாண்டிச் சமதளத்துக்கு வந்த பிறகு கொஞ்சம் எழுந்தது. கோவை நகர நெரிசலில் இன்னும் கொஞ்சம். விடுமுறை முடிந்து மலையேறும்போது, ஒரு வாரம் முன்பு விழுந்த அதே சாலையில், முள் நடுப்பகுதிக்கு வந்து நின்றது. அன்று ஹீட்டரிலும் சூடான காற்று வந்தது.

வண்டி ஒன்று, சாலை ஒன்று. ஏறும்போது சூடு, இறங்கும்போது குளிர். அப்போதுதான் அந்தப் பெண் கேட்ட கேள்வி மறுபடியும் நினைவுக்கு வந்தது.

ஏறும்போது இன்ஜின் அதிக டீசலை எரிக்கிறது; அதிக வெப்பம் உண்டாகிறது. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம். டீசல் ஏறக்குறைய எரிவதே இல்லை. வெப்ப வரவு குறையும்போது வெப்பச் செலவும் குறைந்தால்தான் வெப்பநிலை ஒரே அளவில் நிற்கும். என் காரில் வரவு நின்ற பிறகும் செலவு குறையவில்லை. ரேடியேட்டர் வழியாக வெப்பம் போய்க்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டிய கதவு ஒன்று இருக்கிறது. அது மூடவில்லை. அந்தக் கதவின் பெயர்தான் தெர்மோஸ்டாட்.

இன்ஜினுக்குச் சூடு எதற்கு?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அதன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைத் தெளித்ததும் தானாகப் பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில் ஒரு பகுதியைச் சுவர் இழுத்துக்கொள்ளும். டீசல் தாமதமாகப் பற்றும், முழுதாக எரியாது. எரியாத டீசல் புகையாக வெளியேறும். கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயிலும் சூடாகாததால் கெட்டியாகவே இருக்கும்; அதைத் தள்ளுவதற்கே இன்ஜின் தன் சக்தியைச் செலவழிக்கும். எரிதலில் உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி உள்ளே குளிர்ந்து நீராகி, ஆயிலோடு சேர்ந்து வண்டலாகப் படியும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில், கூலன்ட் குளிர்ந்திருப்பதாக உணரி தெரிவித்தால், இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று எடுத்துக்கொண்டு கணினி அதற்கேற்ற முறையிலேயே எரிபொருளைத் தந்துகொண்டிருக்கும்.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் உரிய வெப்பநிலையில் இருக்க வேண்டும். எனவே புது வண்டிகளில் இந்தக் குறை இன்னும் அதிகத் தொல்லை தரும்.

ஆக, இன்ஜினுக்கு அதிகச் சூடும் ஆகாது, குறைந்த சூடும் ஆகாது. பெரும்பாலான கார்களில் கூலன்ட் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் உடல் 37 டிகிரியை ஒட்டியே இருக்கப் பாடுபடுவதைப் போலத்தான். காய்ச்சல் ஆபத்து, உடல் சில்லிட்டுப் போவதும் ஆபத்துதான். உயிரியல் வகுப்பில் இதைச் சொல்லும் நாம் இன்ஜினுக்கு மட்டும் மறந்துவிடுகிறோம். வெயில் நாட்டில் வண்டி சூடாவதுதான் கண்ணுக்குத் தெரிந்த பயம். அதனால்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் வந்தது. சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, இன்ஜின் அதிகம் சூடாகவும் வாய்ப்புண்டு.

மெழுகு செய்யும் வேலை

தெர்மோஸ்டாட் உள்ளங்கையில் அடங்கும் பொருள். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் மெழுகு. மெழுகின் நடுவே ஒரு சிறு தண்டு. வெளியே ஒரு ஸ்பிரிங், ஒரு வட்டத்தட்டு. கூலன்ட் குளிர்ந்திருக்கும்போது ஸ்பிரிங் தட்டை மூடி வைத்திருக்கும். கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் மெழுகு உருகும். உருகும்போது அதன் பருமன் சுமார் 10 முதல் 15 விழுக்காடு கூடும். திட மெழுகுக்குப் போதுமாக இருந்த இடம் உருகிய மெழுகுக்குப் போதாது. அது தண்டைத் தள்ளும், தட்டு திறக்கும், சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். குளிர்ந்தால் மெழுகு இறுகும், ஸ்பிரிங் தட்டை மூடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கார்களில் வேலை செய்கிறது.

காலப்போக்கில் ஸ்பிரிங் தளரலாம், குப்பி கசியலாம், தட்டில் துரு அல்லது படிவு சேர்ந்து திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். மூடிய நிலையில் சிக்கினால் இன்ஜின் கொதித்து, ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். திறந்த நிலையில் சிக்கினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மூன்று ஆண்டுகள்கூடப் போய்விடும்.

மாணவர் சொல்லித்தந்த சோதனை

ஊகத்தை உறுதிசெய்ய, என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, இப்போது ஒரு பட்டறையில் வேலை செய்யும் மாணவரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். நான் விளக்கத் தொடங்கியதும், "சார், பார்ட்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பார்த்துடலாம்" என்றார். நான் வகுப்பில் சொல்லும் வார்த்தைகள்தாம்.

இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருந்த வண்டியைக் கிளப்பினோம். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது சார். தொளதொளன்னு இருக்கற ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கோங்க" என்றார். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அந்தக் குழாய் பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சூடாக வேண்டும். என் காரில் இரண்டாவது நிமிடத்திலேயே குழாய் வெதுவெதுப்பானது. இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக, குழாயும் கூடவே சூடானது. கதவு திறந்தே கிடந்ததற்கு அதுவே சாட்சி.

ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. முள் காட்டுவது பொய்யாக இருக்கலாம், வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம், ஃபேன் நிற்காமல் ஓடலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கூலன்ட் அளவு சரி. ஃபேன் ஓடவில்லை. குளிர்ந்த நிலையில் உணரி காட்டிய அளவும் வெளிக்காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்று. எனவே உணரி சரி. பிறகு ஓ.பி.டி. ஸ்கேனரை வண்டியில் பொருத்தி ஒரு சுற்று போய்வந்தோம். சமதளத்தில் 66 டிகிரி. இறக்கத்தில் 50க்கும் கீழே. கூலன்ட் உரிய வெப்பநிலையை எட்டவில்லை என்பதற்கான பி 0128 என்ற குறியீடும் நினைவகத்தில் பதிவாகியிருந்தது.

என்னிடம் அறிவியல் படித்த பிள்ளை, ஒரு மாறியை மட்டும் விட்டு மற்றவற்றை எப்படி விலக்குவது என்று எனக்கு நடத்திக் காட்டியது. அன்று எனக்கு வெட்கமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்தன.

மாற்றிய முறை

என் வண்டிக்கான வால்வு கேஸ்கட்டோடு சேர்த்து எண்ணூறு ரூபாய்க்குள் கிடைத்தது. அதன் உடம்பில் 82 என்று பொறித்திருந்தது. அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. சில கார்களில் வால்வு, அதன் உறையோடு சேர்ந்து ஒரே பாகமாகத்தான் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து செய்த வேலையை வரிசையாகத் தருகிறேன்.

1. வேலை தொடங்கும்போது இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பா மூடியையோ திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். சாவியையும் எடுத்துவிட வேண்டும். சில வண்டிகளில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும்.

2. வால்வு இருக்கும் மட்டத்துக்குக் கீழே போகும் அளவுக்குக் கூலன்ட்டை ஒரு சுத்தமான பேசினில் வடித்தோம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. குழந்தைகள், நாய், மாடு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், சாக்கடையில் கொட்டக்கூடாது.

3. மேல் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, குழாயை மெல்லத் திருகிக் கழற்றினோம். அது போய்ச் சேரும் உறையை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருந்தன. 10 நம்பர் ஸ்பேனர் போதுமாக இருந்தது.

4. உறையை எடுத்ததும் பழைய வால்வு தெரிந்தது. தட்டின் ஓரத்தில் பழுப்பு நிறப் படிவு. விரல் நுழையாவிட்டாலும் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. வெளியே எடுக்குமுன், எந்தப் பக்கம் எதை நோக்கி இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். மெழுகுக் குப்பி இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கியிருக்க வேண்டும். சூடு அங்கேதானே இருக்கிறது! திருப்பிப் போட்டால் வால்வு நேரத்துக்குத் திறக்காது.

5. துளைக்குள் தூசி விழாதபடி துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டினோம். அலுமினியப் பரப்பில் இரும்பால் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே கசியும்.

6. புது வால்வை அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்தோம். காற்று வெளியேறுவதற்காக வால்வில் இருக்கும் சிறு ஆணி மேல்பக்கமாக வரும்படி பார்த்துக்கொண்டோம். துணியை எடுக்க மறக்கவில்லை என்று இரண்டு முறை உறுதிசெய்தோம். புது கேஸ்கட் வைத்து, இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். "பலத்தைக் காட்டாதீங்க சார், மரை போயிடும்" என்றார். வண்டிக் கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கினால் போதும்.

7. கையேட்டில் சொல்லியிருக்கும் வகைக் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து நிரப்பினோம். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளை ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, குழாய்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினோம். உள்ளே காற்று தங்கினால் மறுபடியும் தொல்லைதான்.

பிறகு வண்டியைக் கிளப்பி மேல் குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றேன். ஸ்கேனரில் 50, 60, 70 என்று ஏறியது. குழாய் மட்டும் சில்லென்றே இருந்தது. 82ஐத் தாண்டிச் சிறிது நேரத்தில் திடீரென்று சூடு பாய்ந்து வந்தது. பாடப்புத்தகத்தில் இத்தனை ஆண்டுகள் வாசித்த வெப்ப விரிவு முதன்முறையாக என் கைக்குள் நடந்தது.

மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் கூலன்ட் அளவைப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றினேன், கசிவு இல்லை. இப்போது வண்டி 83 முதல் 88 டிகிரிக்குள் நிற்கிறது. குன்னூர் இறக்கத்திலும் முள் விழுவதில்லை. வெண்புகை சீக்கிரமே நின்றுவிடுகிறது. அடுத்த இரண்டு முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் மைலேஜ் பதினாறைத் தாண்டியிருந்தது.

வகுப்பில் என் திருத்தம்

வண்டி சரியாகிவிட்டது. ஆனால் ஒரு நோட்டின் ஓரத்தில் என் தவறான வரி அப்படியே இருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து பழைய வால்வையும், அதே அளவில் இன்னொரு புது வால்வையும் எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன்.

"போன மாதம் உங்களுக்கு ஒரு தவறான பதில் சொன்னேன். சூடாகாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்றேன். அது தவறு. எப்படித் தவறு என்று இன்று சேர்ந்து பார்ப்போம்" என்றேன். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. ஆசிரியர் தவறு என்று சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவன், "அப்போ நாங்க தப்பா எழுதினா மார்க் குறைப்பீங்களே சார்!" என்றான். எல்லோரும் சிரித்தோம். அதன்பின் அன்று யாரும் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

புது வால்வின் தட்டைத் திருப்புளியால் லேசாக நெம்பி, ஒரு நூலை அதன் வாயில் கடிக்க வைத்தேன். நூலின் மறுமுனையைக் கம்பியில் கட்டி, வால்வைப் பீக்கரில் இருந்த நீருக்குள், அடியைத் தொடாதபடி தொங்கவிட்டேன். பக்கத்தில் ஆய்வக வெப்பநிலைமானி. பழைய வால்வில் இப்படி நூலைக் கடிக்க வைக்கவே முடியவில்லை. "அதுக்கு வாயை மூடத் தெரியலை சார்" என்றாள் ஒரு சிறுமி. என் காரின் மூன்றாண்டு நோயை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

நீர் சூடாகத் தொடங்கியது. ஒருவர் வெப்பநிலையை வாசிக்க, மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். 83 என்று வாசித்த சற்று நேரத்தில் வால்வு நூலை விட்டுவிட்டுப் 'டக்' என்று அடியில் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வால்வு முழுதாகத் திறக்க 95 டிகிரி வேண்டும். நீர் தளதளவென்று கொதித்தும் வெப்பநிலைமானி 93ஐத் தாண்டவில்லை. "சார், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு. தண்ணி 100லதானே கொதிக்கணும்?" என்று கேட்டார்கள். வெப்பநிலைமானி சரியாகத்தான் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைப் பகுதியில் காற்றழுத்தம் குறைவு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். இங்கே பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான். "அப்போ காருக்குள்ள எப்படி சார் 95 வரும்?" என்பது அடுத்த கேள்வி. பதிலை அவர்களே கண்டுபிடித்தார்கள்: குக்கர். கூலன்ட் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால் உள்ளே கொதிநிலை உயர்கிறது. ஒரு வால்வு, வெப்ப விரிவு, நிலைமாற்றம், அழுத்தம், கொதிநிலை என்று நான்கு கருத்துகளை ஒரே பாடவேளையில் இழுத்துவந்துவிட்டது.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

இதற்குக் கார் தேவையில்லை. பட்டறைகளில் கழற்றிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட் கேட்டால் தருவார்கள். வேறு காரணத்துக்காகக் கழற்றிய, நன்றாக வேலை செய்யும் வால்வும் சிலசமயம் கிடைக்கும். கூலன்ட் ஒட்டியிருக்கும் என்பதால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். குப்பியைப் பிளக்க முயலக்கூடாது. அடுப்பு, வெந்நீர், திருப்புளி மூன்றும் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு வால்வுகூட வேண்டாம். ஒரு சோதனைக் குழாயில் மெழுகை வெந்நீரில் வைத்து உருக்கி, மட்டத்தைக் குறித்துவிட்டு ஆறவிடுங்கள். இறுகிய மெழுகின் நடுப்பகுதி குழியாக இறங்கியிருக்கும். மெழுகுவர்த்தி வார்க்கும் வீட்டுப் பிள்ளைகளும், குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்கும் எங்கள் மலைப் பிள்ளைகளும் இதைப் பார்த்திருப்பார்கள். நீர் மட்டும் உறையும்போது ஏன் விரிகிறது என்ற கேள்வி அங்கிருந்தே கிளம்பும். மேல்வகுப்பில், வெப்பநிலைக்கும் வால்வு திறந்த அளவுக்கும் வரைபடம் வரையச் சொல்லலாம். உடல் வெப்பநிலை, இஸ்திரிப்பெட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றோடு ஒப்பிடச் சொல்லலாம்.

வகுப்பு முடிந்தபின் அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பழைய வரியை அவள் அடித்திருந்தாள். ஆனால் படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருந்தாள். அதன் கீழே அவளாகவே ஒரு வரி எழுதியிருந்தாள்: "இன்ஜினுக்கு அதிகச் சூடும் நோய், குறைந்த சூடும் நோய். அப்பா வண்டியின் தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்."

அந்த வாரமே அவள் அப்பா பட்டறைக்குப் போனார். அவர் வண்டியில் வால்வு நன்றாகத்தான் இருந்தது, ரேடியேட்டருக்குள் அடைப்பு. எங்கள் இருவர் வண்டிக்கும் நோய் வேறு வேறு. ஆனால் இரண்டையும் தேட வைத்தது வகுப்பறையில் எழுந்த ஒரே கேள்விதான். அதற்கு அன்று நான் அவசரமாகச் சொன்ன பதிலோடு விஷயம் முடிந்துபோகாமல் இருந்ததே நல்லது. பழைய வால்வு இப்போது எங்கள் ஆய்வக அலமாரியில், வாயைத் திறந்தபடி இருக்கிறது.